மழைக்கு ஏற்ற டயர்

சரியாகச் சொல்ல வருமா என்று பயமாக இருக்கிறது அம்மிணி. நான் எதைச் சொன்னாலும் நடுவில் ஆரம்பித்து ஓரத்தில் முடிப்பேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். ஏழாவதோடு நின்றவள். இதில் டயர், கிரிப் என்றெல்லாம் வேறு பேச வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு தப்பாகிவிட்டால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டீர்கள். கேட்ட பிறகு சொல்லாமல் இருந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

ஆமாம், இப்போது என்னை ஏற்றிவிட்டுப் போனாரே, தோளும் முழங்கையும் புடைத்துக்கொண்டு, மழைக்கோட்டுக்குள் இன்னொரு கோட்டும் போட்டுக்கொண்டு ஒருத்தர், அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். உங்களிடம்கூட "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்று சொன்னாரே. நான் என்ன குழந்தையா? மேட்டுப்பாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். பஸ் கொண்டுபோய் விடும், இறங்கிக்கொள்வேன். அவர் பின்னாலேயே பைக்கில் வருவார். ஒரே வீட்டுக்கு, ஒரே நாளில், புருசனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் போகிறோம். ஏன் என்றுதானே கேட்டீர்கள்? அதைத்தான் சொல்ல வருகிறேன். டிரைவர் டீ குடிக்கத்தானே போயிருக்கிறார். மழையும் விடவில்லை. நேரம் இருக்கிறது.

அவருக்கு கீசர் ரிப்பேர் வேலை. இந்தக் கோத்தகிரியில் குளிர் ஏற ஏறத்தான் அந்த வேலையும் ஏறும். ஊரெல்லாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போதுதான் "தண்ணி சூடாகலைங்க" என்று போன் வரும். வெயில் நாளில் யாருக்கும் கீசர் கெடாது. கெட்டாலும் கவனிக்க மாட்டார்கள். ஆக, எந்த நாளில் வண்டி எடுக்கக் கூடாதோ அந்த நாளாகப் பார்த்து வண்டி எடுக்க வேண்டிய பிழைப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு இதே கவலைதான். அவர் வண்டிச் சத்தம் வளைவு தாண்டி அடங்கும்வரை வாசலில் நிற்பேன். திரும்பி வருகிற சத்தம் கேட்கும்வரை சோறு இறங்காது. மலை ரோடு, மழை, மூடுபனி. ஒருநாள் வழுக்கினால் என்ன ஆவது? இதை நான் சத்தமாகச் சொன்னால் "வாயைக் கழுவு" என்பார். அதனால் மனசுக்குள்ளேயே நினைப்பேன்.

முன்பெல்லாம் அவர் போடுகிற உடுப்பு எளிமையானது. நெஞ்சோடு செய்தித்தாள் இரண்டு மடிப்பு, அதற்குமேல் ஸ்வெட்டர். காலில் சாக்ஸ், சாக்ஸுக்கு மேலே பிளாஸ்டிக் கவர், அதற்குமேல் செருப்புக் கடையில் வாங்கின சாதாரண ஷூ. தலையில் குரங்குக் குல்லா, அதன்மேல் ஹெல்மெட். எல்லாவற்றுக்கும் மேலே நீல மழைக்கோட்டு. வீட்டுக்கு வந்ததும் நெஞ்சிலிருந்து பேப்பரை எடுப்பேன். காய்ந்துதான் இருக்கும். சில நாள் அதையே விரித்து வைத்துப் படிப்பார்.

எங்கள் மகன் கிருபாகரன் பெங்களூரில் இருக்கிறான். சனி ஞாயிறு ஆனால் கூட்டமாக பைக் ஓட்டுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான். எங்கே போவார்கள் தெரியுமா? இட்லி சாப்பிட. விடியற்காலையில் கிளம்பி, ஊரைத் தாண்டிப் போய், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். மழை வந்தால் போக மாட்டார்கள். ஆனால் மழையைப் பற்றி அவனுக்குத் தெரியாததே இல்லை. எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறான். பாசக்காரப் பையன். அப்பா பேப்பரைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதை வீடியோ காலில் பார்த்துவிட்டான்.

"அப்பா, இது ரொம்ப டேஞ்சர். லேயரா போடணும்ப்பா. உள்ள ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வெளிய ஒண்ணு."

"அப்படித்தான்டா போட்டிருக்கேன். பேப்பர், ஸ்வெட்டர், மழைக்கோட்டு."

"அது லேயர் இல்லப்பா."

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்து மலைத்துப் போனேன். ஜாக்கெட்டில் தோளுக்கு, முழங்கைக்கு, முதுகுக்கு எல்லாம் ஓடு வைத்திருந்தது. மேசையில் வைத்தால் ஆள் இல்லாமலே உட்கார்ந்தது. கையுறை, முழங்காலுக்குக் கட்ட ஒன்று, கழுத்துக்கு மாட்ட ஒன்று, கணுக்காலுக்கு மேலே வருகிற பூட்ஸ். அவர் அத்தனையும் மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். நான் திருஷ்டி கழித்தேன்.

முதல்நாளே ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா பார்த்துவிட்டு உடனே சாத்திவிட்டாள். உள்ளேயிருந்து, "யாரைப் பிடிக்க வந்திருக்கீங்க?" என்று கேட்டாளாம். இவர் வெளியே நின்று, "கீசர்ம்மா, கீசர்" என்று கத்தியிருக்கிறார்.

அதைவிடக் கஷ்டம் பூட்ஸ். யாராவது வீட்டுக்குள் பூட்ஸோடு போக முடியுமா? வாசலில் உட்கார்ந்து ஒரு காலைக் கழற்றி முடிப்பதற்குள் அந்த வீட்டுக்காரர்கள் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வந்துவிடுவார்கள். கையுறை போட்டால் திருப்புளி பிடிக்க வராது, கழற்றினால் மறுபடி போட விரல் விறைத்துப் போயிருக்கும். ஜாக்கெட் உள்ளே நனையாது, அது உண்மை. வெளியே நனைந்து, ஈர மெத்தை மாதிரி கனக்கும். நம்ம ஊர் மூடுபனியில் அது எப்போது காய்வது? அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டேன். அதற்குப் பிறகு அவர் போகிற இடமெல்லாம் கருவாட்டு வாசம். "எங்க வீட்ல நாய் இருக்குங்க, நீங்க வெளியவே நில்லுங்க" என்று ஒருத்தர் சொன்னாராம்.

கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். ஜாக்கெட் நனையாமல் இருக்க அதன்மேல் பழைய நீல மழைக்கோட்டைப் போடச் சொன்னேன். இப்போது பார்த்தீர்களே, அதுதான். சிரிக்காதீர்கள். இன்றுவரை அந்த ஜாக்கெட் ஒரு சொட்டு நனைந்ததில்லை.

டயருக்கு வருகிறேன்.

உடம்பு பத்திரம் ஆகிவிட்டது, சரி, வண்டி பத்திரமா என்று எனக்குப் புதுக் கவலை. ஒருநாள் பின் டயரைத் தடவிப் பார்த்தேன். குழந்தை கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. அவரிடம் சொன்னால், "மெதுவா போனா எல்லா டயரும் போகும் ருக்கு" என்றார். இது ஒரு பதிலா? அதனால் விசயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன்.

பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிறவர், குளிருக்குக் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் ரோட்டோடு நன்றாகப் படியும் என்றார். கிருபா போனில், காற்றைக் குறைக்கவே கூடாது, குறைத்தால் வளைவில் இழுத்துவிடும் என்றான். இரண்டு பேரும் என் நன்மைக்குத்தானே சொல்கிறார்கள்? யார் மனசும் நோகாமல், அவர் பூட்ஸ் கட்டுகிற நேரத்தில், காற்று அடிக்கிற மூக்கை ஊக்கால் அழுத்தித் தினமும் கொஞ்சம்போல காற்றை இறக்கிவிட்டேன். அவர் தினமும் போய் அடித்துக்கொண்டு வந்தார். "டியூப்ல எங்கயோ ஓட்டை இருக்கு, கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது" என்று புலம்பினார்.

மார்க்கெட்டுக்குக் கீழே ஷெட் வைத்திருக்கிற போஜன்தான் எங்கள் மெக்கானிக். அவனிடம் கேட்டேன்.

"அக்கா, இது தார் ரோட்ல போற வண்டி. முன்னாடி கோடு போட்ட டயர், பின்னாடி வெட்டு ஆழமா இருக்கிற டயர். மழைத்தண்ணி அந்த வெட்டு வழியா வெளிய போயிரும், ரப்பர் ரோட்டைப் பிடிச்சுக்கும். சாதாரண டயரே போதும்."

"சாதாரணம் வேண்டாம் தம்பி. மழைக்குன்னே ஏதோ இருக்காமே?"

"இருக்கும். உங்க பையன் சொன்னாரா?"

எப்படித்தான் கண்டுபிடித்தானோ. கிருபா அதற்குள் பெங்களூரிலிருந்தே டயர் இரண்டும் அனுப்பிவிட்டான். மழைக்கென்றே செய்தது, ரப்பர் மெத்தென்று இருக்கும், ஈர ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்றான். போஜன் விரலால் அழுத்திப் பார்த்தான். "நல்ல டயர்தான் அண்ணா" என்றான் அவரிடம். மாட்டி முடித்துவிட்டு ஒன்று சொன்னான். அதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"புது டயர் அண்ணா. மேல பளபளன்னு இருக்கு பாருங்க. அந்தப் பளபளப்புப் போற வரைக்கும் பாத்துப் போங்க."

பார்த்தீர்களா? பளபளப்புப் போகும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. பாத்துப் போங்க என்று எச்சரிக்கையும் செய்கிறான். ஆனால் அது போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஆம்பளைகள் எப்போதும் பாதிதான் சொல்வார்கள். மீதியை நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

நான் தினமும் பார்த்தேன். சொன்ன மாதிரியே நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. நடுப்பக்கம் சொரசொரவென்று, சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. மழையோ அடித்துப் பெய்கிறது. அவரோ எதையும் கவனிக்காமல், "வண்டி இப்பதான் ருக்கு நல்லா பிடிச்சு நிக்குது" என்கிறார். பாவம், அப்பாவி மனுசன்.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது. போன வருடம். நேற்று முடிந்ததே, அதேதான், ஒரு வருடம் ஆகிவிட்டது. ஸ்பேனர், டெஸ்டர், திருப்புளி, என் தையல் கத்தரி, அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எண்ணெய் தொட்டு, பொட்டு வைத்தேன். வண்டியையும் கழுவினேன். டயர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. இந்தக் குளிரில் நமக்கு உதடு வெடிக்கிறது, குதிகால் வெடிக்கிறது. எண்ணெய் தடவினால் சரியாகிறது. ரப்பர் மட்டும் வெடிக்காதா? முதலில் ஓரமெல்லாம் முளைத்திருந்த சின்னச் சின்ன ரப்பர் முடியை நகவெட்டியால் நறுக்கி எடுத்தேன். பிறகு எண்ணெய்.

என்ன எண்ணெய் என்பதைக்கூட யோசிக்காமல் செய்யவில்லை அம்மிணி. தேங்காய் எண்ணெய் இங்கே குளிருக்கு உறைந்துபோகும். நல்லெண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடிவிடும், மழையில் நிற்காது. விளக்கெண்ணெய்தான் சரி. அது கெட்டி. விரலில் பட்டால் பசை மாதிரி ஒட்டும், இலேசில் போகாது. ரோட்டோடு ஒட்டிப் போக வேண்டியதற்கு ஒட்டுகிற எண்ணெய்தானே போட வேண்டும்? முன்னாடி பின்னாடி இரண்டுக்கும், போஜன் சொன்ன அந்த வெட்டுக்குள் எல்லாம் விரலை விட்டுத் தேய்த்தேன். வெள்ளைத்துணி போட்டுத் துடைத்துப் பார்த்தேன், துணி வழுக்கிக்கொண்டு போனது. புது டயரைவிடப் பளபளப்பு. அவரிடம் சொல்லவில்லை. நல்லது செய்துவிட்டு நாமே தம்பட்டம் அடித்தால் பலிக்காது.

மறுநாள் இதே மாதிரி தங்கச்சி வீட்டுக்கு இரண்டு பேரும் வண்டியில் கிளம்பினோம். அவர் ஜாக்கெட், பூட்ஸ், கையுறை, முழங்காலுக்குக் கட்டுவது எல்லாம் போட்டுக்கொண்டார். நான் சேலை, மேலே ஒரு சால்வை. பின்னாடி உட்காருகிறவர்களுக்கு அடுத்த தடவை பார்க்கலாம் என்று கிருபா சொல்லியிருந்தான். நான் என்ன வண்டியா ஓட்டப்போகிறேன், எனக்கு எதற்கு? இலேசாகத் தூறல். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுத்தார். முன் சக்கரத்துப் பழம் சரியாக நசுங்காமல் பக்கத்தில் நழுவி ஓடியது. அப்போதே எனக்கு மனசு சரியில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "ருக்கு, வண்டி ஒரு மாதிரி மிதக்குதே" என்றார்.

"நல்ல டயருங்க. அப்படித்தான் சொகுசா இருக்கும்" என்றேன்.

முதல் வளைவு. டீக்கடை இருக்கிறதே, அங்கே. வண்டி விழவில்லை அம்மிணி. படுத்துக்கொண்டது. அவ்வளவு நிதானமாக, பாய் விரித்துப் படுக்கிற மாதிரி. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். அந்த உடுப்பைப் பார்த்து யாரோ பெரிய ஆள் என்று நினைத்துவிட்டார்கள். "சாருக்குத் தண்ணி குடுங்க, சாருக்குத் தண்ணி குடுங்க" என்று ஒரே சத்தம். நான் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்தக் கை எழவில்லை. மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போயிருந்தது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. ஜாக்கெட் முழங்கையில் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

கிருபாவுக்குப் போன் போட்டோம். துடித்துப்போய்விட்டான். "ஜாக்கெட் தாங்குச்சாம்மா?" என்று கேட்டான். தேய்ந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அவனுடைய இட்லிக் கூட்டத்துக்கு அனுப்பினான். எல்லோரும் ஜாக்கெட்டைப் பாராட்டி எழுதினார்களாம். படத்தின் ஓரத்தில் என் மாவுக்கட்டும் தெரிந்தது.

இனிமேல்தான் எனக்குப் புரியாத சங்கதி. வண்டியைப் போஜன் ஷெட்டுக்குத் தள்ளிப் போனார்கள். மாவுக்கட்டுக் கையோடு நானும் போய் நின்றேன். போஜன் பின் டயரைத் தடவினான். விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். இன்னொரு தடவை தடவினான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான்.

"துரையண்ணா, இதுல யாரோ..."

"போஜா, வேலையைப் பாரு" என்றார் அவர். அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"இல்லண்ணா, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லதில்லையா? நாளைக்கு மறுபடியும்..."

"அவளே கையை ஒடிச்சுட்டு நிக்கிறா. விடு."

என்னவென்று கேட்டேன். "டயர் சரியில்ல ருக்கு, நமக்கு ராசியில்ல" என்றார். அன்று சாயங்காலம் மகனிடம் போனில், "நான்தான்டா வேகமா போயிட்டேன், டயர் மேல தப்பில்ல" என்கிறார். ஆளுக்கு ஒரு பதில். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வேகம்தான். மெதுவாகப் போனால் எல்லா டயரும் போகும் என்று ஊருக்கு உபதேசம் செய்த மனுசன், புது டயர் மப்பில் வேகமாகப் போய் என்னைக் கீழே தள்ளிவிட்டு, போஜன் வாயையும் அடைத்துவிட்டார். ஒரு வருடமாக இதைச் சொல்லித் திட்டாத நாளில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டுமே! தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா ருக்கு, என் தப்புத்தான்" என்பார். கை கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதும் அவர்தான். குற்ற உணர்ச்சி அம்மிணி, வேறென்ன.

அன்று விழுந்ததில் அவருக்குத் தலைக்குள்ளே ஏதாவது ஆகியிருக்குமோ என்றும் எனக்குச் சந்தேகம். வண்டியை வீட்டுக்கே கொண்டுவருவதில்லை. ராத்திரிக்குப் போஜன் ஷெட்டில் விட்டுவிட்டு, அந்த மேட்டை மழையில் நடந்து ஏறி வருகிறார். கேட்டால் வீட்டில் இடமில்லை என்கிறார். இத்தனை வருசம் நின்ற வண்டிக்கு இப்போது இடமில்லையாம். இந்த வருடம் ஆயுத பூசையையும் ஷெட்டிலேயே முடித்துவிட்டார். "நீ பொரிகடலை மட்டும் குடுத்துவிடு, போதும்" என்றார். நான் டயரைப் பார்க்கவாவது வருகிறேன் என்றதற்கு, மழையாக இருக்கிறது, வழுக்கும் என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு.

சரி, நம் பேச்சுக்கு வீட்டில் மரியாதை இல்லை, போகட்டும். ஆனால் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டுமே. "நீ இனிமே பஸ்ல வா ருக்கு, அதுதான் பத்திரம்" என்கிறார். பஸ் மட்டும் வானத்திலா போகிறது? அதே வளைவு, அதே மழை. நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம், கைக்குழந்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை வேறு இருக்கிறாள்.

அதனால்தான் இன்று சீக்கிரமே வந்தேன். அவர் டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றப் போயிருந்தார். இந்த பஸ் கூரைக்கு அடியில் நின்றதால் சக்கரம் காய்ந்துதான் இருந்தது. பூசை போட்டிருக்கிறார்கள், கண்ணாடியில் சந்தனம், முன்னாடி வாழைக்கன்று, மாலை, எல்லாம் இருக்கிறது. டயரை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. ஒரே சாம்பல். நான் பையில் பாட்டில் கொண்டு வந்திருந்தேன். முன் சக்கரம் இரண்டுக்கும், கை எட்டின வரைக்கும், வெட்டுக்குள் எல்லாம் விட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன். பின்னாடி இரட்டைச் சக்கரமாக இருக்கிறது, அதற்கு எண்ணெய் போதவில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்தலாக இருக்கிறது. மற்றபடி இப்போது எனக்கு மனசு நிம்மதி.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள் அம்மிணி, வண்டி எடுக்கப் போகிறார்கள். டிரைவரை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? வேண்டாம், அவரிடமெல்லாம் சொல்லாதீர்கள். நான்தான் செய்தேன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.